பவளத்தீவில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

பசிபிக் தீவுகள் பற்றிய அலகை எந்த வகுப்பில் தொடங்கினாலும் பலகையில் நான் முதலில் எழுதுவது ஒரு கேள்வி. ஆறு கிடையாது, குளம் கிடையாது, மலை கிடையாது. நிலம் கடலுக்கு மேலே இரண்டு மூன்று மீற்றர்தான் நிற்கிறது. அப்படியொரு தீவில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக எந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தார்கள்?

தென் ஒக்லாந்தில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் சமோவா, டொங்கா, குக் தீவுகள், நியுவே என்று வேர்கள் உள்ள பிள்ளைகள். துவாலுவிலிருந்தும் கிரிபட்டியிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். உலகத்தில் பொலினேசிய மக்கள் மிக அதிகமாக வாழும் நகரம் இதுதான். பாடநூலில் ‘பசிபிக் தீவுச் சமூகங்கள்’ என்று வரும் தலைப்பு இவர்களுக்கு அம்மம்மா வீடு, அப்பப்பாவின் காணி. ஆனால் பாடநூல்கள் அனேகமாகக் கடல்மட்ட உயர்விலிருந்துதான் தொடங்கும். தண்ணீருக்குள் முழங்காலளவு நிற்கும் ஒரு சிறுவனின் படம், கீழே நாலு வரி. கடல்மட்டம் உயர்வது உண்மை, அதைக் கற்பித்தே ஆகவேண்டும். இருந்தும் அதையே வாசலாக வைத்தால், அந்த மக்களுக்கு நடப்பது மட்டும்தான் பாடமாகிறது, அவர்கள் செய்தது எதுவும் பாடத்துக்குள் வருவதில்லை. துவாலுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீரிலிருந்து தொடங்கினால் மண்ணுக்குப் போகலாம், மண்ணிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து காணி உரிமைக்கு, அங்கிருந்து இடப்பெயர்வுக்கு. ஒரு சமூகம் முழுவதும் அந்த ஒரு நூலில் கோர்த்துக்கொண்டு வரும்.

கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்கள் எல்லா வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: மழைநீர், இளநீர், கப்பலில் வரும் போத்தல். “கிணறு தோண்டலாமே?” என்று ஒருவர் கேட்டால், “தோண்டினால் கடல் தண்ணிதான் வரும்” என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். அந்த இடத்தில் கண்ணாடித் தொட்டியை மேசைக்கு இழுப்பேன்.

மீன் வளர்க்கும் சாதாரணத் தொட்டிதான். கழுவிய பருமணலை நடுவில் மேடாகக் குவித்து, இரு பக்கமும் உப்புத் தண்ணீரை ஊற்றுவேன். மணல்மேட்டின் உச்சி மட்டும் வெளியே தெரியும். பிறகு சிவப்புச் சாயம் கலந்த நல்ல தண்ணீரைப் பூவாளியால் மேட்டின் மேல் மெதுவாகத் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கலந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய மணலுக்குள் சிவப்பு இறங்கத் தொடங்கும். கரையோரம் மெல்லியதாய், நடுவில் தடித்து, கீழ்ப்பக்கம் வயிறு வைத்ததுபோல் வளைந்து நிற்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் அடர்த்தி குறைந்தது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து குனிந்து பார்ப்பார்கள். இதுதான் நன்னீர் வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால் கீழே நாற்பது மீற்றர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு. அது ஏட்டுக் கணக்கு. உண்மையான பவளத்தீவுகளில் வற்றுப்பெருக்கு மேலும் கீழும் அசைத்து உப்பைக் கலந்துவிடுவதால் வில்லை அதைவிட எவ்வளவோ மெல்லியது.

அடுத்து ஒரு பிள்ளையின் கையில் ஊசி இல்லாத மருந்துப் பீச்சுகுழலைக் கொடுத்து மேட்டின் நடுவிலிருந்து தண்ணீரை இழுக்கச் சொல்வேன். மெதுவாக இழுத்தால் சிவப்பு நீர் வரும். சடாரென்று இழுத்தால் சாயம் வெளிறி, அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். விஞ்ஞானக் கூடத்தில் இரவல் வாங்கிய மின்கடத்துமானியை அந்த நீரில் வைத்ததும் இலக்கம் குதிக்கும். இந்தச் சோதனை முடியும்போது ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது. கிரிபட்டியின் தென் தராவாவில் சுமார் 15 சதுர கிலோமீற்றர் நிலத்தில் 50,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பொன்ரிக்கி, புவோட்டா என்ற இரண்டு இடங்களின் நிலத்தடி வில்லைகள்தான் அவர்களின் குழாய்நீருக்கு நெடுங்காலமாக ஆதாரம் என்று சொன்னவுடன், அவ்விடங்களில் ஏன் வீடு கட்டத் தடை, அதனால் காணிக்காரருக்கும் அரசுக்கும் ஏன் நீண்ட இழுபறி என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இந்தப் பாடம் பாடநூலிலிருந்து வந்தது அல்ல. நான் வளர்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மாரி மழை இறங்கி, கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதைத்தான் கிணற்றில் இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்தோம். புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உவர் என்பது ஊர்ப்பிள்ளைகளுக்குத் தெரியும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. இறைக்கும் மிஷின் வந்தபின் கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாய் உவர்த்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்த வில்லையைச் சமன்பாடாகப் படித்தபோது, பசிபிக்கின் நடுவில் ஒரு கூட்டம் இதே தண்ணீரை வைத்து முற்றிலும் வேறொரு விவசாயம் செய்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒக்லாந்து வந்து, ஒரு துவாலுப் பெரியவரின் வாயால்தான் அதை முழுதாகக் கேட்டேன்.

அவர் என் மாணவி ஒருத்தியின் தாத்தா. பேத்தியின் ஆய்வுக்காக வகுப்புக்கு வந்திருந்தார். துவாலு மொழியில் அவர் பேச, பேத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். புலாக்கா என்ற பெரிய சேம்பு இனக் கிழங்குக்கு அங்கே வயல் கிடையாது, குழிதான். பவளச் சரளையைத் தோண்டிக்கொண்டு போய், நன்னீர் வில்லையின் மேல்மட்டம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்துவார்கள். ஆழம் போதாவிட்டால் வேர் காயும், கூடிவிட்டால் அழுகும் என்று அவர் கையால் அளவு காட்டினார். மண் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. மண்ணை மனிதர்தான் செய்ய வேண்டும். இலைகளை நறுக்கி, உக்கவைத்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஓலையால் பின்னிய வேலி வைத்து அதற்குள் கொட்டி மிதிக்க வேண்டும். எந்த மரத்து இலை, எந்த நாளில், எவ்வளவு என்பதெல்லாம் குடும்பச் சொத்து. கிரிபட்டியில் இதே பயிருக்கு பபாய் என்று பெயர். அங்கேயும் வளர்க்கும் முறையை வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள். “உங்கள் வீட்டு முறையை எங்களுக்குச் சொல்வீர்களா ஐயா?” என்று நான் கேட்டேன். பேத்தி மொழிபெயர்க்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. தலையை ஆட்டி மறுத்தார். “இவளுக்குச் சொல்லுவன்” என்று பேத்தியைக் காட்டினார்.

வகுப்பு அந்தப் பதிலைக் குறித்து நெடுநேரம் பேசியது. ஒரு குழி மட்டமான பவளச் சரளையில் இருக்கிறது, அதன் ஆழத்தைத் தீர்மானிப்பது வில்லையின் மட்டம்; இதுவரை இயற்கை. அந்தக் குழி யாருக்குச் சொந்தம், எந்த மகனுக்குப் போகும், எந்தக் கல்யாணத்துக்கு எந்தக் கிழங்கு கிளம்பும், யார் வாயைத் திறக்கக்கூடாது, இது சமூகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூடை உக்கிய இலை இருக்கிறது. அலை கரையைத் தாண்டி ஒருமுறை உள்ளே வந்தால் குழியில் உப்பு ஏறி, பல வருட உழைப்பு கெட்டுப்போகும். கடல்மட்ட உயர்வு என்ற சொல் இங்கே வரும்போது பிள்ளைகளுக்கு எது பறிபோகிறது என்று தெரிந்திருக்கும்.

அன்று பெரியவர் இன்னொன்றும் சொன்னார். துவாலுவின் ஃபுனாஃபுட்டித் தீவில் நல்ல விளைநிலத்தின் மேல்தான் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை விமான ஓடுபாதை போட்டது. அதற்குச் சரளை அள்ளிய பள்ளங்களில் உவர்நீரும் குப்பையும் தேங்கி, எழுபது வருடம் அப்படியே கிடந்தன. 2015இல் நியூசிலாந்தின் பணத்தில் அவை நிரப்பப்பட்டன. ஃபுனாஃபுட்டியில் தோட்டம் செய்ய இடம் இல்லை என்று பரீட்சையில் எழுதும் பிள்ளை, அது முழுக்க இயற்கையின் வேலை அல்ல என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தென்னையைப் பற்றிப் பேசும்போது என்னால் அடக்கிக்கொள்ள முடிவதில்லை. கிரிபட்டியில் பையன்கள் காலையும் மாலையும் தென்னையில் ஏறிப் பாளை சீவுவார்கள். உச்சியிலிருந்து பாட்டும் கேட்கும். இறங்கும் இனிப்பு நீருக்கு கரேவே என்று பெயர், துவாலுவில் கலேவே. அதைக் காய்ச்சினால் கமாய்மாய் என்ற கரும்பாகு. நான் ஊரில் பனையின் கருப்பநீரைக் குடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தவள். காய்கறி அரிதான தீவுகளில் உயிர்ச்சத்து சி கொடுத்தது அந்தக் கலேவேதான். ஒரு தென்னையில் பாளை சீவினால் அந்தப் பாளையில் தேங்காய் கிடைக்காது. எந்த மரம் நீருக்கு, எந்த மரம் காய்க்கு, எது கொப்பறாவுக்கு என்று ஒவ்வொரு வீடும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பனை ஊரில் வளர்ந்தவளுக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

என் தொழிலில் நான் மிகவும் மல்லுக்கட்டுவது பரீட்சை விடைகளில் வரும் ஒரு வாய்பாட்டோடுதான்: ‘இயற்கைச் சூழல் இப்படி இருப்பதால் மக்கள் இப்படி வாழ்கிறார்கள்.’ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஸ்வேர்த் ஹண்டிங்டன் போன்ற புவியியலாளர்கள், வெப்பநாட்டு மக்களின் குணத்தையும் ‘நாகரிகத்தின் அளவை’யும் தட்பவெப்பத்திலிருந்தே வருவித்தார்கள். வெள்ளையர் ஆட்சிக்கு அது வசதியான விஞ்ஞானம். பிரான்சில் விதால் த லா பிளாஷ் அதற்கு மாறாக, சூழல் சில வழிகளைத் திறந்து வைக்கிறது, தேர்வது மனிதர் என்றார். இந்தச் சண்டை முடிந்து நூறு வருடம் ஆகிறது. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளையின் விடைத்தாளில் ஹண்டிங்டனின் எலும்பு இன்னும் தட்டுப்படுகிறது. ஆகவே என் வகுப்பில் ஒரு விதி உண்டு. ‘அதனால்’ என்று எழுதினால், அந்த ‘அதனால்’ நடப்பதற்கு யார் என்ன வேலை செய்தார்கள் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் புள்ளி இல்லை.

இந்த விதிக்கு நான் கொடுக்கும் பயிற்சி திக்கோப்பியா. சொலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில், ஏறக்குறைய ஐந்து சதுர கிலோமீற்றர், ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர். ஒக்லாந்தில் படித்த மானிடவியலாளர் ரேமண்ட் ஃபேர்த் 1928இல் அங்கு போய், அந்தத் தீவை உலகத்துக்குத் தெரியவைத்தார். 1952இல் அவர் மறுபடி போனபோது சூறாவளி பயிர்களை அழித்துப் பஞ்சம் பிடித்திருந்தது. யாருக்கு எவ்வளவு உணவு, எந்தச் சடங்கை ஒத்திவைப்பது, யார் தோட்டத்தில் யார் கைவைக்கக்கூடாது என்று தலைவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதை அவர் அருகிலிருந்து பார்த்துப் பதிந்திருக்கிறார். ஈரப்பலாக்காயைக் குழியில் இலைகளுக்கிடையே புதைத்துப் புளிக்கவைத்து வருடக்கணக்கில் காப்பது அங்கே வழக்கம். பன்றிகள் தோட்டங்களைக் கெடுத்ததால் முன்னோர் தீவில் பன்றியே வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். பன்றி இல்லாமல் விருந்து இல்லாத ஒரு கடற்பரப்பில் அது எவ்வளவு பெரிய முடிவு என்பது சமோவாப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2002 டிசம்பர் கடைசியில் ‘ஸோயி’ என்ற மிகக் கடும் சூறாவளி திக்கோப்பியாவைத் தாக்கியது. வீடுகள் போயின, மரங்கள் போயின, தொடர்பு அறுந்து வெளியுலகம் நாட்கணக்கில் அஞ்சிக் கிடந்தது. ஆட்கள் போய்ப் பார்த்தபோது ஒருவரும் இறந்திருக்கவில்லை. எல்லாரும் மலையோரப் பாறைகளின் கீழ் ஒதுங்கியிருந்தார்கள். எங்கே ஒதுங்குவது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பிஜியை வேகமாகவே நடத்துவேன், ஆனால் அதில் எனக்கு ஒரு தனி அக்கறை. அதன் பெரிய தீவான விற்றி லெவு ஒரு மலைத்தீவு. தென்கிழக்கு வியாபாரக் காற்று மலையில் மோதி சூவாப் பக்கம் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிறது. மழை மறைவில் இருக்கும் நாடிப் பக்கத்துக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கரும்பு முற்றி இனிக்க வறண்ட பருவம் வேண்டும். ஆகவே கரும்பு மேற்கில், ஆலைகள் மேற்கில், கூலிகளும் மேற்கில். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சுமார் 60,000 இந்தியரில், 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் உண்டு. நாடியில் இன்று வண்ணக் கோபுரத்தோடு நிற்கும் சிவசுப்பிரமணியர் கோயிலின் இருப்பிடத்துக்கு மழை மறைவும் ஒரு காரணம். ஆனால் விதி இங்கேயும் உண்டு. மழை மறைவு தானாகக் கப்பல் அனுப்பி ஆள் பிடிக்கவில்லை. சர்க்கரைக் கம்பனியும் பிரித்தானிய அரசும் பிடித்தன. நிலத்தின் பெரும்பகுதி விற்கமுடியாதபடி பிஜிப் பூர்வகுடிகளுக்கே உரியதாக வைக்கப்பட்டதால், கரும்புக்காரர் குத்தகைக்காரராகவே இருந்தார்கள். 1997 முதல் குத்தகைகள் முடியத் தொடங்கியபோது பல குடும்பங்கள் மண்ணைவிட்டு வெளியேறின. சில என் வகுப்பறைக்கு இரண்டு தெரு தள்ளி வந்து சேர்ந்தன.

வெளிக்களப் பயணத்துக்கு நான் பிள்ளைகளை விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை. ஒக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மாங்கெரேயில், ஓட்டுவாட்டாவுவா என்ற கல்வயல் இருக்கிறது. தேங்காயும் ஈரப்பலாவும் விளையும் வெப்பத் தீவுகளிலிருந்து ஏறக்குறைய எழுநூறு வருடத்துக்கு முன் இங்கு வந்த மக்கள் கொண்டுவந்த பயிர்களில் பல குளிரில் பிழைக்கவில்லை. குமாரா என்ற வற்றாளைக் கிழங்கு பிழைத்தது, அதுவும் சும்மா அல்ல. எரிமலைக் கற்களைக் குவித்து, வரப்பாக வைத்து, பகல் வெயிலைக் கல்லில் பிடித்து இரவில் மண்ணுக்கு விட்டார்கள். அறுவடைக் கிழங்கைக் குளிரிலிருந்து காக்க நிலவறைகள் வெட்டினார்கள். பிள்ளைகளை ஒரு கல்குவியலில் கைவைக்கச் சொல்வேன். பிற்பகலில் கல் சூடாக இருக்கும், பக்கத்துப் புல் குளிர்ந்திருக்கும். வெப்பமானியை மண்ணில் குத்தி அரை மணிக்கொரு முறை பதிவார்கள். ஒரு டொங்காப் பையன், வழக்கமாக எதையும் எழுதாதவன், தாளின் ஓரத்தில் எழுதியிருந்தான்: ‘இவர்கள் தங்கள் தீவின் வெப்பத்தை இங்கே கட்டியிருக்கிறார்கள்.’ அந்த ஒரு வரிக்கு முழுப் புள்ளி போட்டேன்.

2022 ஜனவரி 15இல் ஹூங்கா டொங்கா எரிமலை வெடித்தபோது பள்ளிக்கூட விடுமுறை. பெப்ரவரியில் வகுப்பு திறந்தபோது டொங்காப் பிள்ளைகள் நான் கற்பிக்கக்கூடியதைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். கடலடிக் கம்பி அறுந்ததால் சொந்தங்களோடு நாட்கணக்கில் பேச்சு இல்லை. கூரைநீரைச் சேமிக்கும் தாங்கிகளில் சாம்பல் விழுந்துவிட்டதால் முதலில் அனுப்ப வேண்டியிருந்தது தண்ணீர். மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் பீப்பாய் பீப்பாயாகக் குடிநீரும் மாவும் அரிசியும் அடைத்துக் கொள்கலன்களில் ஏற்றியவர்களில் இவர்களும் இருந்தார்கள். டொங்காவின் தேசிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம். எந்தச் சூழல் எந்தச் சமூகத்தை உருவாக்குகிறது என்ற கேள்விக்கு, டொங்காச் சமூகத்தின் எல்லை டொங்காவின் கரையோடு முடிவதில்லை என்பதை இந்தப் பிள்ளைகளே தோளில் சுமந்து காட்டினார்கள். எழுத்தாளர் எப்பெலி ஹவுஓஃபா 1993இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டது இதைத்தான்: நிலத்தை மட்டும் அளந்தால் இந்த மக்கள் சிறியவர்கள், கடலையும் உறவையும் சேர்த்து அளந்தால் மிகப் பெரியவர்கள். கிரிபட்டியின் நிலம் 811 சதுர கிலோமீற்றர். அதன் கடற்பரப்பு சுமார் 35 இலட்சம் சதுர கிலோமீற்றர். அந்தக் கடலில் சூரை பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் பணம் அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் வந்த வருடங்கள் பல. எல் நினோ வருடத்தில் வெப்பநீர் கிழக்கே நகர, சூரையும் கூடவே நகர்ந்து கிரிபட்டிக்கு வரும். கடல் வெப்பநிலைப் படத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கடல்மட்டத்துக்கு அலகின் பிற்பகுதியில்தான் வருவேன். இங்கே பிள்ளைகளை மிரட்டுவதும் கூடாது, ஆறுதல்படுத்துவதும் கூடாது. ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் போல் கெஞ்ச் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு துவாலுவின் 101 தீவுத்திட்டுகளைப் பழைய வான்படங்களோடும் செய்மதிப் படங்களோடும் ஒப்பிட்டது. நாற்பது வருடத்தில் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. அலை ஒரு கரையை அரித்து இன்னொரு கரையில் பவளமணலைச் சேர்க்கிறது, தீவு நகர்கிறது. இதைக் காட்டியதும் “அப்ப பயமில்லையா மிஸ்?” என்று யாராவது கேட்பார்கள். அப்போது மறுபடி கண்ணாடித் தொட்டியிடம் போவோம். நிலம் கூடினாலும், மேலே வரும் அலை வில்லைக்குள் உப்பை இறக்கும். மழை பொய்த்தால் வில்லை மெலியும். 2011இல் துவாலுவில் வறட்சி வந்து அவசரநிலை அறிவித்து, உப்பகற்றும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தது. 2023இல் துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தி, நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் தன் அரசு நிலைக்கும் என்று எழுதிக்கொண்டது. அதே வருடம் அவுஸ்திரேலியாவோடு செய்த ஃபலேபிலி உடன்படிக்கை வருடத்துக்கு 280 பேர் அங்கே குடியேற வழிவிடுகிறது. பதிலாகப் பாதுகாப்பு விஷயங்களில் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. இதை வகுப்பில் வாதத்துக்கு விடுவேன். என் கருத்தைக் கேட்டால் மறைக்கமாட்டேன்: போக விரும்புவோருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், அதற்கு நாட்டின் கடிவாளத்தை விலையாகக் கேட்கக்கூடாது.

இவ்வளவும் நடத்தியபின் பதின்மூன்றாம் வகுப்புக்கு நான் வைத்திருக்கும் தீவு பனாபா. பூமத்தியரேகைக்கு அருகே, ஆறு சதுர கிலோமீற்றர், பவளத்தீவுபோல் தாழ்ந்ததல்ல, உயர்ந்து நிற்கும் சுண்ணக்கல். மழை பொய்த்தால் நிலத்தடிக் குகைகளுக்குள் பெண்கள் ஊர்ந்து இறங்கிச் சிரட்டையில் தண்ணீர் சேர்த்துக் கொண்டுவருவார்கள். அந்தக் குகைகள் பெண்களுக்கே உரியவை. வறட்சியோடு அப்படிக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த தீவின் மண், உயர்தர பொசுபேற்று. சிட்னி அலுவலகம் ஒன்றில் கதவு மூடாமல் முட்டுக்கொடுத்திருந்த கல்லைச் சோதித்துப் பார்த்ததிலிருந்துதான் அந்தக் கம்பனி ஊழியர் ஆல்பர்ட் எல்லிஸ் அதைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வந்தார். 1900இல் தீவுக்குப் போய், வருடத்துக்கு 50 பவுண் என்று 999 வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். 1920 முதல் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்த ஆணையம் தோண்டியது. 1945 டிசம்பரில் பனாபா மக்களை 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் பிஜியின் ராம்பித் தீவில் கூடாரங்களில் இறக்கினார்கள், அதுவும் சூறாவளிப் பருவத்தில். வறண்ட சுண்ணக்கல் தீவில் வாழக் கற்ற மக்கள் ஓடைகள் ஓடும் ஈரமான மலைத்தீவில் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 1979இல் தோண்டல் நின்றபோது தீவின் பெரும்பகுதியில் மண் இல்லை, சுண்ணக்கல் முட்கள் மட்டும் நின்றன.

அந்த மண் எங்கே போனது? அதில் கணிசமான பங்கு நியூசிலாந்தின் புல்வெளிகளுக்கு. இங்குள்ள மண்ணில் பொசுபரசு குறைவு. 1950களில் மலைச்சரிவுகளில் விமானத்திலிருந்து தூவிய சுப்பர்பொசுபேற்று இல்லாமல் இந்த நாட்டின் ஆடும் பாலும் வெண்ணெயும் இந்த அளவுக்கு வந்திருக்காது. பசிபிக் தீவுச் சூழல் எந்தச் சமூகத்தை வடிவமைத்தது என்று கேட்டால், என் பிள்ளைகள் தங்கள் பாடசாலை நிற்கும் நாட்டின் பெயரையும் விடையில் எழுத வேண்டும்.

ராம்பியில் பிறந்த தாயின் மகன் ஒருவன் சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்தான். ஆய்வுக்காக அவன் ஒரு பாய்ச்சல் வரைபடம் வரைந்தான். பனாபாவிலிருந்து ஒக்லாந்துக்கும் மற்றத் துறைமுகங்களுக்கும் அம்புகள், எடைக்கேற்ற தடிப்பில். பனாபாவிலிருந்து ராம்பிக்கு இன்னொரு நிறத்தில் ஆட்கள். ராம்பியிலிருந்து ஒக்லாந்துக்கு, தன் குடும்பம் வந்த மெல்லிய கோடு. வகுப்பில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்துப் பெண் எழுந்து, தன் தாத்தா வயலுக்கு எந்த வருடத்திலிருந்து உரம் போட்டார் என்று வீட்டில் கேட்டுவருவதாகச் சொன்னாள். கேட்டும் வந்தாள், பழைய உரப் பற்றுச்சீட்டுகளோடு. அன்று முதல் இந்த வரைபடம் பதின்மூன்றாம் வகுப்பின் கட்டாய வேலை. எந்தப் பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு கோடாவது அதில் வரைந்தாக வேண்டும், கோட்டின் தடிப்புக்கான கணக்கைப் பக்கத்தில் காட்டியாக வேண்டும்.